சல்லடைக்கு ஒரு மாதக் கூலி

பெயருக்குப் பின்னால் சாதி போடாத மாநிலம் என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. நியாயமான பெருமைதான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இன்று நம் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பாவின் முதலெழுத்து மட்டும். டெல்லிப் பக்கம் நிலைமை வேறு. சுகதேவ் தோராட்டும் அவரது குழுவினரும் அங்கே வாடகை வீடு தேடுவோர் பற்றி ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் பெயர்களோடு வீடு கேட்டவர்கள் ஆதிக்க சாதிப் பெயரோடு கேட்டவர்களைவிட அதிகமாக மறுக்கப்பட்டார்கள். அங்கே போனில் பெயரைச் சொன்னாலே போதும்.

இங்கே போதாது. 'ரா. கவிதா' என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒரு சென்னை வீட்டு ஓனரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. புரோக்கர் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று என்பதை வீடு தேடிய பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

கடலூர் மாவட்டத்திலிருந்து வந்து நான்கு வருடம் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தவள் நான். தங்கைக்கு இங்கே நர்சிங் படிக்க இடம் கிடைத்ததும் இருவருமாக வீடு எடுக்க முடிவு செய்தோம். வேளச்சேரியில் ஆரம்பித்து மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வரை மூன்று புரோக்கர்களோடு பதினோரு வீடுகள் பார்த்தேன். எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நியாயம். வாடகை ஒழுங்காக வருமா என்று தெரிய வேண்டும் அல்லவா. அதற்கு அடுத்த கேள்விகள்தான் விசேஷமானவை.

"சொந்த ஊரு எதும்மா?"

"கடலூர்."

"கடலூர்ல எங்க?"

"விருத்தாசலம் பக்கம்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். "அவரு வீடு பெருமாள் கோயில் தெரு. நீங்க எந்தத் தெரு?" பிறகு அப்பா என்ன செய்கிறார், நிலம் இருக்கிறதா, குலதெய்வம் எது. கிராமத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும், நம் ஊர்களில் தெருதான் சாதிச் சான்றிதழ். காலனி என்று சொல்லிவிட்டால் தாசில்தார் கையெழுத்துகூடத் தேவையில்லை. மூவரில் ஒருவர் மட்டும்தான் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்டார். மற்ற இருவரின் நாசூக்கைவிட அந்த மனிதரோடு பேசுவது எனக்கு எளிதாக இருந்தது.

இவர்களைக் கொடியவர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. வயதில் பெரியவரான ஒருவர் வெயிலில் பைக்கில் அழைத்துப்போய் வீடு காட்டிவிட்டு, தன் காசில் டீயும் வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ஓனரம்மா கேட்டாங்கன்னா வேற ஏதாச்சும் சொல்லிடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்." அதெல்லாம் சொல்ல மாட்டேன் அண்ணே என்றேன். மறுநாள் மாலை போன் வந்தது. "வீடு முடிஞ்சிடுச்சும்மா." முடிந்துபோன அந்த வீட்டின் கேட்டில் டு-லெட் பலகை இரண்டு வாரம் தொங்கியதை தினமும் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.

அவர் சொன்ன யோசனை புதிதல்ல. 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் விஷயம் வெளியே தெரிந்தது. தடிகளோடு வந்து நின்ற கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. அவ்வளவு படித்தவருக்கும் பொய்ப்பெயர்தான் வாடகைச் சீட்டாக இருந்தது. எனக்கும் அதே சீட்டைத்தான் டீயோடு சேர்த்து நீட்டினார்கள்.

இதில் பணக்கணக்கு ஒன்று இருக்கிறது. வீடு முடிந்தால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். அதைப் பெரும்பாலும் குடிவருபவர் கொடுக்கிறார். கமிஷன் நம்முடையது, விசுவாசம் ஓனருடையது. நம்மைச் சலிக்கிற சல்லடைக்கு நாமே கூலி கொடுக்கிறோம். ஓனருக்கோ இந்த ஏற்பாட்டில் ஒரு காசு செலவில்லை, வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை. அவர் யாரையும் மறுக்கவில்லை, யாருடைய சாதியையும் கேட்கவில்லை. கடைசியில் அவரைச் சந்தித்தால் சிரித்த முகமாகக் காபி கொடுப்பார். அவர் கை சுத்தமாக இருப்பதற்குத்தான் நடுவில் ஒருவர்.

'சைவம் மட்டும்' என்ற பலகையைக் கேலி செய்வது நமக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. செய்ய வேண்டியதுதான். ஆனால் எனக்கு வீடு மறுத்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பவர்கள், இடைநிலைச் சாதியினர். ஒரு வீட்டில் மீன் குழம்பு வாசனைக்கு நடுவே நின்றபடிதான் "சுத்தபத்தமா இருக்கிற ஃபேமிலியாப் பாக்குறோம்" என்ற வாக்கியத்தைக் கேட்டேன். பலகை மாட்டாதவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு குறைவு.

'அவர் வீடு, அவர் இஷ்டம்' என்று முற்போக்கு நண்பர்களே சொல்கிறார்கள். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று அடுக்குகிறது, அதில் வாடகை வீடு இல்லை என்பது உண்மை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமான வீட்டுவசதிச் சங்கம் செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பைக் கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் வசிப்பதையோ தடுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை அது தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமோ, ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

சட்டம் இருந்தும் வழக்கு ஏன் நிற்பதில்லை? மறுத்தது யார் என்பதே தெரியாதபடி மறுப்பதால்தான். "வீடு முடிஞ்சிடுச்சு" என்பதில் பிடிக்க என்ன இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைத் தரகர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது, வாடகைத் தரகர்கள் அதில் வரவில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, முன்பணம் எத்தனை மாதம் என்றுகூடப் பேசுகிறது. யாருக்கு வீடு மறுக்கப்பட்டது என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. வாடகைத் தரகர்களுக்கு உரிமம் கட்டாயம், சாதி மதம் விசாரித்தால் உரிமம் ரத்து என்று இந்தச் சட்டத்தில் சேர்ப்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. ஒரு திருத்தம், அவ்வளவுதான். சாதி என்பது வீடுகளின் வரிசையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, நூறு வீடுகளில் நாற்பதைத் தலித்துகளுக்கு ஒதுக்கி சமத்துவபுரங்கள் கட்டிய மாநிலம் இது.

அதுவரை செய்யக்கூடியது சில உண்டு. புரோக்கரோடு பேசுவதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். "முடிஞ்சிடுச்சு" என்றால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள், பலகை தொங்கினால் தேதியோடு படம் எடுங்கள். எனக்குக் கடைசியில் கிடைத்த வீட்டின் ஓனர், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், தண்ணீர் மோட்டார் நேரத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அந்த வீட்டுக்கு புரோக்கர் கிடையாது.

இதைப் படிப்பவர்களில் பலர் சல்லடையில் சிக்காதவர்கள். எந்தத் தெரு என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிச் சாவி வாங்கியவர்கள். உங்களில் சிலருக்குத் தாம்பரத்திலோ திருச்சியிலோ சொந்த வீடும், வாடகைக்கு விடும் மாடிப் போர்ஷனும் இருக்கும். அது அடுத்த முறை காலியாகும்போது அப்பா புரோக்கரிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "நல்ல ஃபேமிலியாப் பாத்துச் சொல்லுங்க" என்பார். அந்த 'நல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று, அவர் போனை வைப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.