மூடுவிழாவை முதலில் பேசுவோம்

எந்தத் தொழிலையும் தொடங்கும்போது ரிப்பன் வெட்டுகிறோம், மாலை போடுகிறோம். அதை மூடும்போது யார் வருகிறார்கள்?

அணுமின் நிலையம் குறித்து எழுத வந்த நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2018இல் அன்றைய பிரதமர் மகாதீர் நம் நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டாம் என்றார். 2025இல் வெளிவந்த 13ஆவது மலேசியத் திட்டமோ அதை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தது. ஒரு சாரார் புகையில்லா மின்சாரம் என்கின்றனர். மறு சாரார் விபத்து என்கின்றனர். நிலையத்தின் ஆயுள் முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்போர் குறைவு.

அணுவுலை, விசையைத் தட்டியதும் அணையும் விளக்கன்று. நிறுத்திய பின்னும் எரிபொருள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் அதை நீருக்குள் வைத்துக் குளிர்விக்க வேண்டும். 2011இல் ஃபுக்குஷிமாவில் உருகிய மூன்று உலைகளும் நிலநடுக்கத்தின்போது தாமாகவே நின்றுவிட்ட உலைகள்தாம்! ஆழிப்பேரலையால் மின்சாரம் போயிற்று. குளிர்விக்க வழியில்லாமல் போயிற்று.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கு 15 ஏப்ரல் 2023 அன்று கடைசி மூன்று அணுமின் நிலையங்களும் நிறுத்தப்பட்டன. ஆனால் வேலை தீரவில்லை. 1990இல் மூடப்பட்ட கிரைஃப்ஸ்வால்ட் நிலையத்தை 1995 முதல் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் பணி முடியவில்லை. முன்பு அதை இயக்கியவர்களில் பலர் பிரிக்கும் வேலைக்கும் அமர்த்தப்பட்டனர். எந்தக் குழாய் எங்கே போகிறதென்று அவர்களுக்குத்தானே தெரியும்! கழிவைப் பாதுகாக்க மின் நிறுவனங்கள் 2017இல் ஏறத்தாழ 2,400 கோடி யூரோவை அரசு நிதியத்தில் கட்டின. பிரிக்கும் செலவும் அவற்றையே சாரும்.

நம் நாட்டுப் பாடம் பேராக்கில் இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை தோரியக் கழிவை விட்டுச்சென்றது. மக்கள் நீதிமன்றப் படியேறினர். 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. அதற்கான செலவு ஏறக்குறைய 30 கோடி ரிங்கிட் எனச் செய்திகள் கூறின.

“அறுபது ஆண்டுகள் கழித்து மூடப்போவதற்கு இப்போதே என்ன கவலை?” என்று சிலர் கேட்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைக்கு இதன் விடை தெரியும். என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து உள்ளூர்க் கம்பெனிக்குப் போனது; பிறகு வீடமைப்பு நிறுவனத்துக்குப் போனது. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, பழைய முதலாளி வாயால் கொடுத்த வாக்குக்குப் புதிய முதலாளி பொறுப்பேற்கவில்லை. எழுத்தில் இருந்தது மட்டுமே கைக்கு வந்தது. தோட்டத்திலேயே இப்படியென்றால், பேரப்பிள்ளைகள் காலம்வரை காவல் காக்க வேண்டிய கழிவுக்கு வாய்வாக்கு போதுமா?

அணுமின்சாரமே கூடாது என்பது என் வாதமன்று. முதல் யூனிட் மின்சாரத்திலிருந்தே மூடும் செலவுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். யார் கைக்கு மாறினாலும் அந்தப் பொறுப்பு கூடவே போக வேண்டும். கழிவு எங்கே போகும் என்பதை அடிக்கல் நாட்டுமுன் சொல்ல வேண்டும். சுற்றுவட்டார மக்களுக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இவை மூன்றும் சட்டத்தில் ஏற வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? மாணவ நண்பர்களே, திறப்புவிழா அழைப்பிதழ் வரும்முன் மூடுவிழாக் கணக்கைக் கேட்போம்!