பரையா

ஆங்கிலப் பத்திரிகைக்காரருக்கு ஒரு நாட்டைப் பிடிக்காவிட்டால் அதைப் 'பரையா' நாடு என்பார்கள். இனஒதுக்கல் காலத்துத் தென்னாபிரிக்காவை அப்படி எழுதினார்கள், வடகொரியாவை இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஆளில்லாத தெருநாயும் அவர்களுக்குப் 'பரையா' நாய்தான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எங்களவர்களும் அதே சொல்லைத் தூக்கிக்கொள்கிறார்கள்: "வெள்ளையன் எங்களைப் பரையா மாதிரி நடத்துறான்."

சொல் வெள்ளையன் செய்ததல்ல. எங்களுடைய 'பறையர்'தான் அது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கேட்டு எழுதிவைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் போனது. சாதிப்பெயராகப் போனது, 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1838இல் புளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண் தன் புத்தகத் தலைப்பிலேயே தன்னைப் 'பாரியா' என்றார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியோடிய ஹன்னா அரெண்ட் 1944இல் யூதரைப் 'பரையா'வாக வைத்துக் கட்டுரை எழுதினார். உலகத்துக்கு நாங்கள் கொடுத்த சொற்கள் என்று கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் மேடையில் பெருமையாகச் சொல்வோம். இதை மட்டும் சொல்லமாட்டோம்.

பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்த பெயர் என்று அகராதிகள் சொல்கின்றன. பறைதல் என்றால் பேசுதலும்தான். "சும்மா பறையாதை" என்று சொல்லாத யாழ்ப்பாணத்து வீடு எது? புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைச் சிறந்த குடிகள் நாலில் ஒன்றாக வைக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரில் இழிவு இல்லை. ஏற்றினவர்கள் நாங்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகக் கேட்ட மக்களை வாசலில் மறித்து நின்றது எந்த வெள்ளையன்?

இங்கே ரெஸ்ரோரண்ட் குசினியில் தோளோடு தோள் நின்று கோப்பை கழுவுகிறோம். மிஞ்சின சோற்றை ஒரே சட்டியில் அள்ளிச் சாப்பிடுகிறோம். முதலாளிக்கு நாங்கள் எல்லாரும் ஒரே கறுப்பர்தான். இரவு அறைக்கு வந்து, கலியாணப் பேச்சென்று ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" அடுத்தது "ஊரிலை எந்தப் பக்கம்?" கேட்பது விலாசத்துக்காக அல்ல என்பது இரண்டு முனையிலும் தெரியும். அப்படிக் கேட்டுவிட்டு, மறுநாள் விசா அலுவலக வரிசையில் நின்று 'பரையா மாதிரி நடத்துறாங்கள்' என்று குமுறுகிறவரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஊரில் ஒரு பறையரை நீங்கள் எப்படி நடத்தினீர்கள்?