பாலக்காட்டு வீட்டில் ஒரு குட்டிக் கடல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அரபிக் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்று அறிவித்தபோது, வீட்டில் யாரும் உற்சாகம் காட்டவில்லை. அவர்கள் சந்தேகம் வீண்போகவில்லை. தொட்டி வைத்த மூன்றாம் நாளே வாங்கி விட்ட இரண்டு கோமாளி மீன்களும் ஒரு வாரம் தாண்டவில்லை.

தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருந்தது. மீன்களைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அது உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த இரு வகையும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் தொட்டி சிறியதாக இருந்தால் செலவும் சிரமமும் குறையும் என்று நினைப்பது இயல்பு. செலவு குறையும், சிரமம் கூடும். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று மாறிவிடும். 100 லிட்டராவது இருப்பது நல்லது. தண்ணீரின் எடையே 100 கிலோவுக்கு மேல் என்பதால் பழைய ஸ்டூல் தாங்காது.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாது. கடல் நீரில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. அதற்கென்றே விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி. எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது என்பதால் சுத்திகரித்த நீரையே பயன்படுத்துகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறொரு பாடம் கற்றுத் தந்தது. தொட்டியில் தண்ணீர் மளமளவென்று வற்றியது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கி அடர்த்தியாகும். எனவே கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். இதில் உப்பு நீரை ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்களில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மூணாறில் இருக்கும் நண்பருக்கோ பிரச்சினை தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் நீரை 25 டிகிரியில் நிறுத்த ஹீட்டர் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் வேண்டும்.

தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று யாராவது பவளத் துண்டையோ கடல் குதிரையையோ நீட்டினால் கைகூப்பி விடைபெறுங்கள். 2001-ஆம் ஆண்டிலிருந்து இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. வீட்டில் வைத்தால் சிறைக்கும் போக நேரிடலாம். 1986-இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் ஏற்கெனவே பட்ட பாடு போதும். பாக்டீரியா குடியிருக்க பீங்கான் வளையங்களே போதுமானவை.

மீன் விஷயத்திலும் கடலைத் தொடாமல் இருக்க வழி உண்டு. 1947-இல் தொடங்கி இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன் நம் தீனிக்குச் சுலபமாகப் பழகும். கடல் சாமந்தி இல்லாமலும் வாழும். இவை எல்லாமே ஆணாகப் பிறப்பவை; ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். எனவே ஆண், பெண் பார்த்து வாங்கும் கவலையும் இல்லை.

இரண்டாவது முறை நாற்பது நாள் காத்திருந்தேன். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, சோதனைத் திரவத்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதைக் குறித்து வைத்தேன். "வெறும் தண்ணிக்கா அப்பா லைட் போட்டு வச்சிருக்கீங்க?" என்று மகள் கேட்டாள். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே இரண்டு மீன்கள் வந்தன. வாரம் ஒருமுறை பத்து லிட்டர் நீரை மாற்றுகிறேன். மூன்றாவதாக ஒரு மீன் வாங்கலாம் என்று அவள் சொல்கிறாள். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.