‘ஒரு சுத்து பெருத்துட்டியே!’

கல்யாண மண்டபத்தில் இரண்டு வருடம் கழித்துச் சந்திக்கும் சொந்தக்காரர் முதலில் கேட்க வேண்டியது, ‘நல்லா இருக்கியா?’ என்றுதான். ஆனால், உடல் பருமனான பெண்களுக்குக் கிடைக்கும் முதல் வார்த்தை வேறு. ‘என்னடி, போன தடவை பார்த்ததுக்கு ஒரு சுத்து பெருத்துட்டியே!’

கேட்பவர் சித்தியாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம். கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே மறந்துபோய்ப் பந்திக்குக் கிளம்பிவிடுவார். கேட்கப்பட்டவரால் அப்படி மறக்க முடியாது. இலையில் விழும் இரண்டாவது ஜாங்கிரியைக் கைவைத்துத் தடுப்பார். குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால் பின்வரிசைக்குப் போய், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொள்வார். பல வீட்டு ஆல்பங்களில் அம்மா இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடை முதல் ஷேர் ஆட்டோ வரை

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள், டிசைன் பார்ப்பார்கள். பருமனான பெண் முதலில் பார்ப்பது காலருக்குப் பின்னால் இருக்கும் சைஸ் எண்ணை. ‘உங்க சைஸ் வராதுக்கா’ என்று விற்பனையாளர் மாடியில் இருந்தே சத்தமாகச் சொல்லும்போது, கடையில் இருக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போலவே இருக்கும். டெய்லரிடம் அளவு கொடுக்கும்போது அவர் எண்ணைச் சொல்ல, உதவிக்கு இருக்கும் பையன் அதை எழுதும் அந்த அரை நிமிடம் இன்னொரு சோதனை.

ஷேர் ஆட்டோவில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காரும் விதத்திலேயே ஒரு செய்தி இருக்கும். விசேஷ வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டே உட்கார வேண்டும். சரி, எடையைக் குறைக்கலாம் என்று காலையில் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், அதற்கும் பைக்கில் போகிறவர்களிடமிருந்து ஒரு கமென்ட் வரும். நடக்காவிட்டால் சோம்பேறி, நடந்தால் வேடிக்கைப் பொருள்.

தட்டுக்குக் காவல்

வீட்டுக்குள் கதை இன்னும் விசித்திரம். வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், பிரசவம் முடிந்ததும் நெய்யும் லேகியமுமாக ஊட்டியவர்களேதான், ஆறு மாதம் கழித்து ‘பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா?’ என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஜாதகம் பொருந்துது, பொண்ணு கொஞ்சம்...’ என்று இழுத்துவிட்டுப் போனால், அன்று ராத்திரி முதல் அவள் தட்டுக்குக் காவல் போடப்படும்.

எல்லோர் முன்னாலும் அளவாகச் சாப்பிட்டுவிட்டு, யாரும் இல்லாதபோது அடுக்களையில் நின்றபடியே மிக்சரை அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. அவமானம் யாரையும் இளைக்க வைப்பதில்லை. ஒளித்துச் சாப்பிடத்தான் வைக்கிறது.

பத்தில் நான்கு பேர்

இது ஒருவர், இருவர் பிரச்னை அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம். 2019-21-ல் அது 40.4 சதவிகிதம். பத்துப் பெண்களில் நான்கு பேர். அத்தனை பேரும் நாக்கை அடக்கத் தெரியாதவர்களாக இருக்க முடியுமா?

காரணங்கள் பல. பரம்பரை, பிரசவம், பிசிஓடி, மாதவிடாய் நிற்கும் காலம் என்று உடம்பின் கணக்குகள் உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சில கிலோ கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகளும், மனநலத்துக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் எடையை ஏற்றும். அதோடு வீட்டின் கணக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவருக்குக் குழம்பில் காய் இருக்காது, முட்டை தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது சோறுதான். ‘வீணாகப் போகுதே’ என்று பிள்ளை வைத்த மீதி இட்லியும் அதே வயிற்றுக்குத்தான் போகும். ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்க பதினொன்று, காலையில் எழுந்திருப்பது ஐந்து. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது மருத்துவம் சொல்லும் உண்மை.

‘முதல்ல வெயிட்டைக் குறைங்க!’

கேலிகூட மனசோடு போய்விடும். பருமன் காரணமாக ஒரு நோய் கவனிக்கப்படாமல் போவதுதான் உயிருக்கு ஆபத்து. மூட்டுவலி, மூச்சிரைப்பு, அதிக ரத்தப்போக்கு என்று எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வெயிட் மெஷினில் ஏற்றிவிட்டு ‘முதல்ல வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று அனுப்பப்பட்ட பெண்கள் நிறைய. இரண்டு தடவை இப்படி நடந்தால், மூன்றாவது தடவை அவர்கள் போவதே இல்லை.

சில விஷயங்களில் இப்படிப் போகாமல் இருக்கவே கூடாது. உடல் பருமன் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் மாதவிடாய் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அல்லது மாதவிடாய் முறையில்லாமல் நீண்டு போனாலும், அதை ‘வெயிட்டால வர்றது’ என்று விட்டுவிடக் கூடாது. எடை கூடுதலாக இருப்பதே, உடனே பரிசோதனை செய்துகொள்வதற்கான காரணம்.

குறட்டையும் அப்படித்தான். பெண் குறட்டை விடுவதை வெளியே சொல்ல வெட்கம். ஆனால் பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், பகலெல்லாம் கண்ணைச் சுழற்றும் அசதி மூன்றும் சேர்ந்து இருந்தால், அது தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். பருமனான கைக்குச் சாதாரண அளவு பி.பி. பட்டையைச் சுற்றினால், ரத்த அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ‘பெரிய பட்டை போட்டுப் பாருங்க’ என்று கேட்பதில் தவறே இல்லை.

வயிற்றுச் சுற்றளவும் வீட்டு வேலையும்

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கு, 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்டலே என்ற கணித அறிஞர் உருவாக்கியது. மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்க வந்த கணக்கு அது. தனி ஒருவரின் ஆரோக்கியத்தை முழுதாகச் சொல்லாது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

குறைக்க வேண்டும் என்றாலும், காலேஜ் காலத்து எடைக்குத் திரும்பினால்தான் பலன் என்றில்லை. 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியும். ‘பத்து நாளில் பத்து கிலோ’ பவுடர்களுக்குக் கொடுக்கும் காசுக்கு முட்டை, பயறு, சுண்டல், மீன் வாங்கலாம். எடைக் குறைப்பு ஊசிகளை மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் குடும்பத்துக்கு ஒரு பங்கு உண்டு. ‘சாப்பாட்டைக் குறை’ என்று சொல்வது சுலபம். சாயங்காலம் அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ‘நீ நடந்துட்டு வாம்மா’ என்று அனுப்புவது கொஞ்சம் கஷ்டம். அவர் வரும்வரை காத்திருந்து, காயும் முட்டையும் அவர் தட்டுக்கும் வரும்படி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது அடுத்த வேலை. ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய், ‘எடை இருக்கட்டும் டாக்டர், இந்த ரத்தப்போக்கு எதனாலன்னு பாருங்க’ என்று கேட்பது எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை.