கண்டிக்கு வந்தா வாவிக்கரையிலதான் தங்கணுமா?

யாழ்ப்பாணத்து நண்பி ஒருத்தி மெசேஜ் போட்டிருந்தாள்: "கண்டிக்கு வாறன். வாவி தெரியிற மாதிரி ரூம் ஒண்டு பாத்துச் சொல்லன்." கண்டிக்கு வாற முக்கால்வாசிப் பேர் கேக்கிறது இதைத்தான். நானும் எல்லாருக்கும் சொல்ற பதிலையே சொன்னேன்: வேணாம்.

வாவி மேல எனக்குக் கோபமில்லை. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்துல வெட்டினது. 1815இல் அவனையே பிடிச்சு, பிறகு வேலூருக்கு அனுப்பிட்டாங்க. வாவி மட்டும் மிச்சம். அந்திநேரம் ஒரு சுத்து நடந்தா போதும், அழகுதான். ஆனா அதைப் பார்க்க அங்கேயே படுக்கணும்னு இல்லையே. 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகாவை முன்னால உள்ள வீதியை வாகனங்களுக்கு மூடினதுல, டவுன் வாகனமெல்லாம் வாவியைச் சுத்தித்தான் போகுது. ஜன்னலைத் திறந்தா தண்ணியோட சேர்த்து ஹோர்ன் சத்தமும் வரும். சரணங்கர வீதி மாதிரி மேட்டுப் பக்கம் போனா சத்தம் குறையும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஏத்தம் ஏறணும், இல்லாட்டி த்ரீவீலுக்குக் காசு கொடுக்கணும்.

என் ஓட்டு கட்டுக்கலைப் பக்கத்துக்கு. ரயில்வே ஸ்டேஷன் நடை தூரம். செல்வ விநாயகர் கோயில் மணி கேக்கும், தமிழ்ல பேசிச் சாப்பிடலாம். வாசல்ல நின்னா பேராதனை பஸ். 147 ஏக்கர் பூங்காவையும் கம்பஸையும் ஒரே நாள்ல பார்த்துட்டுத் திரும்பலாம். பெரஹரா நேரம்னா கடைசி ரந்தோலி நாட்கள்ல வராம, முதல்ல வாற கும்பல் பெரஹராவுக்கு வாங்க. கூட்டம் குறைவு, ரூம் வாடகையும் அவ்வளவு ஏறியிருக்காது.

அடுத்து அவள் கேட்டது எனக்குக் கொஞ்சம் குத்திச்சு. "தோட்டத்துப் பங்களா ஒண்டில ஒரு நாள் தங்கினா என்ன?"

தங்கலாம். துரைமார் இருந்த பங்களாக்கள் இப்ப ஹோட்டலாகி நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு ஒண்ணு பாருங்க. நாட்சம்பளம் 1000 ரூபா ஆகவே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350. சில பங்களாக்கள்ல ஒரு ராத்திரி வாடகை, கொழுந்து பறிக்கிற அக்கா ஒரு மாசம் முழுக்க மலை ஏறினாலும் கைக்கு வராத தொகை. அங்க தேயிலைச் செடி தெரியிற மாதிரி நாற்காலி போட்டிருப்பாங்க. லயம் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் அந்த நாற்காலியைத் திருப்பி வச்சிருக்காங்கனு எனக்கு ஒரு சந்தேகம்.

அதுக்காக லயத்தைப் பார்க்க டூர் வாங்கனு சொல்லல. அது அதைவிட மோசம். கமெராவோட வாசல்ல வந்து நிக்கிற ஆட்களை எங்க பாட்டிமாருக்கு அலுத்துப்போச்சு. நான் சொல்றது சின்ன விஷயம். புக் பண்ண முதல் கோல் எடுத்துக் கேளுங்க: சமைக்கிறது யாரு, கூட்டித் துடைக்கிறது யாரு, அந்தத் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அங்க வேலை இருக்கா, என்ன சம்பளம்? இழுத்துப் பதில் சொன்னா வேற இடம் பாருங்க. தோட்டத்துக் குடும்பமே வீட்டுல ஒரு அறையை வாடகைக்கு விட்டா அங்க போங்க. வெந்நீர் வாளியில வரலாம், ரொட்டியும் கட்டச்சம்பலும் சூடா வரும்.

தமிழ்நாட்டுல இருந்து வந்த எங்க ஆட்கள் இந்த மலைநாடு முழுக்கவும் கண்டிச் சீமைனுதான் சொன்னாங்க. மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தவங்க அவங்க. எங்க தங்கலாம்னு அவங்களை யாரும் கேக்கல. வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில 19 ஏக்கர்ல தேயிலை போட்டார்னு பாடப் புத்தகத்துல இருக்கு. அந்த 19 ஏக்கர்லயும் மண்ணைக் கொத்தினவங்க பேரு இல்லை.

நண்பி கடைசியில கட்டுக்கலையில ரூம் எடுத்தாள். ரெண்டாம் நாள் காலையில கலஹா பஸ்ல ஏத்திவிட்டேன். தெல்தோட்டைப் பக்கம் எங்க சித்தி வீடு இருக்கு. பின்னேரம் கோல் எடுத்து, "இண்டைக்கு இஞ்சயே நிக்கிறன், சித்தி விடுறா இல்லை" எண்டாள். கட்டுக்கலை ரூமுக்குக் கொடுத்த காசு வீண்தான்.