மணி அடிக்கும் அவசரம்

இந்தியாவில் முறையான வினாடி வினா வேர்விட்ட ஊர் கொல்கத்தா. 1967-இல் அங்கே ஒரு தேவாலயக் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டிதான் தொடக்கம். இன்று நம் பள்ளிகளில் நடப்பதோ பெரும்பாலும் மனப்பாடப் பரீட்சை. எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டவர்? ராதாநாத் சிக்தார். சரி, அடுத்த கேள்வி! அந்த வங்கக் கணித மேதையின் கணக்குக்குப் பின்னால், 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோடு இருக்கிறதே, அதைச் சென்னைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பாடகி கௌஹர் ஜான் 1902-இல் கொல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடினார் என்பதும் வெறும் ஒரு மதிப்பெண்ணாகிவிட்டது. பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார் அவர். ஏன்? இதையல்லவா கேட்க வேண்டும்! தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாடியவர் யாரென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் யோசித்தால் ஒரு எட்டாம் வகுப்பு மாணவி இந்த விடையைத் தானே கண்டுபிடித்துவிடுவாள். போட்டி நடத்துபவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளை எழுதட்டும். பத்து வினாடிக்குப் பதில் இரண்டு நிமிடம் கொடுக்கட்டும்.