பெற்றோருக்குப் பிறகு யார்?

அறிவுசார் குறைபாடுள்ள மகனையோ மகளையோ வளர்க்கும் பெற்றோரின் கவலை, அந்தப் பிள்ளை வளர வளரத்தான் முற்றுகிறது. சிறு வயதில் சிறப்புப் பள்ளியாவது உண்டு. பதினெட்டைக் கடந்துவிட்டால் பெரும்பாலோருக்கு வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. தங்கள் காலத்துக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே பலர் கண்மூடுகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இத்தகைய குறைபாடுடையோர் சுமார் 15 லட்சம் பேர்.

இக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று 1970-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஆஷா நிகேதன் இல்லம். பின்னர் கொல்கத்தா, சென்னை, கோழிக்கோட்டை அடுத்த நந்தி பஜார் ஆகிய இடங்களிலும் அத்தகைய இல்லங்கள் அமைந்தன. குறைபாடுள்ள பெரியவர்களும் உதவியாளர்களும் ஒரே கூரையின்கீழ் சமைத்து, உண்டு, வேலை செய்து வாழ்வதே இவற்றின் முறை. சுயசார்பு என்பது தனித்து விடப்படுவதன்று. இன்று என்ன உடுப்பது, யாருடன் அறையைப் பகிர்வது என்பதைத் தானே முடிவு செய்வதும், அதற்குத் தேவையான துணை பக்கத்தில் இருப்பதும்தான்.

இவ்வில்லங்களின் தாய் அமைப்பு பிரான்ஸின் 'லார்ஷ்'. டொமினிக்கன் சபைக் குருவான தோமா பிலிப்பின் தூண்டுதலால், கனடா நாட்டவரான ஜான் வனியே 1964-இல் துரோலி-பிரே என்ற சிற்றூரில், காப்பகத்தில் இருந்த இருவரை அழைத்து வந்து ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார். உலகம் அவரை மகானாகவே கொண்டாடியது.

அந்தப் பிம்பம் பின்னர் உடைந்தது. பெண்களிடம் தவறாக நடந்ததற்காக அந்தக் குரு திருப்பணி செய்ய வாடிகன் 1956-இலேயே தடை விதித்திருந்தது. வனியே 2019-இல் மறைந்தார். அவரும் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று 2020-இல் வெளியான அறிக்கை கூறியது. 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் அந்த எண்ணிக்கை 25 ஆயிற்று. பாதிக்கப்பட்டவர்களில் அறிவுசார் குறைபாடுடையோர் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. விசாரணைக்கு ஏற்பாடு செய்ததும், முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டதும் லார்ஷ் அமைப்பேதான். நிறுவனரின் புகழைக் காப்பதே தொண்டு என்று கருதும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவனர் வீழ்ந்தார் என்பதற்காக இல்லங்களின் கதவை மூடிவிட முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு. தவறு வேறிடத்தில் உள்ளது. லட்சக்கணக்கான குடிமக்களின் எதிர்காலம் ஏன் ஒரு துறவியின் கருணையையோ ஓர் அறக்கட்டளையின் வசதியையோ நம்பியிருக்க வேண்டும்?

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூ.100 கோடி மூலநிதியுடன் தேசிய அறக்கட்டளை அமைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் தங்குவதற்கான அதன் 'கரௌண்டா' திட்ட இல்லங்களையும் தொண்டு நிறுவனங்களே நடத்த வேண்டியுள்ளது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையைத் தெளிவாகவே வழங்குகிறது. ஆனால், அதற்கான ஆதரவுச் சேவைகளைத் தர அரசு 'முயல வேண்டும்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. முயன்றோம் என்று சொல்லிவிட்டால் யார் கேட்பது?

இன்னொரு முரணும் உண்டு. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாவலரிடம் ஒருவரின் பராமரிப்பையும் சொத்தையும் ஒப்படைக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவருடன் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரையே ஏற்கிறது. இரண்டில் எது மேலோங்கும் என்பதை மத்திய அரசு தெளிவுபடுத்த வேண்டும். ஊருக்கு வெளியே பெரிய விடுதிகள் கட்டுவதைவிட, சாதாரணத் தெருக்களில் நான்கைந்து பேர் வாழும் வீடுகளுக்கு வாடகையும் உதவியாளர் ஊதியமும் தருவதே 5-ஆவது பிரிவின் நோக்கத்துக்குப் பொருந்தும். அவ்வீடுகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரி, நிர்வாகியின் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் அங்கு வசிப்பவர்களிடம் பேச வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதலாம்.